முழங்கால் காயமும் அதைத் தொடரும் நோய்களும்

பட்டாளச் சேவையை முடித்த தமிழரில் எல்லோரும் சொந்த ஊருக்குத் திரும்புவதில்லை. கடைசியாகப் பணியாற்றிய நகரிலேயே தங்கி, ஒரு வங்கியிலோ ஆலையிலோ காவற்பணி பெற்று, பிள்ளைகளை அங்கேயே படிக்க வைத்துக் குடும்பம் நடத்துவோர் பலர். டில்லியிலும் புனேயிலும் பெங்களூரிலும் செகந்தராபாத்திலும் இத்தகைய குடும்பங்களைக் காணலாம். இவர்களுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. ஆனால் சேவையின்போது உடலிற் பட்ட அடிக்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய ஊன ஓய்வூதியம் தமக்கும் உண்டா என்று ஆராய்ந்தவர் சிலரே.

அதிலும் முழங்காலிற் பட்ட அடி ஒரு தனி வகை. கை ஒடிந்தால் எல்லோருக்கும் தெரியும். கண் போனால் எல்லோருக்கும் தெரியும். முழங்கால் அடியோ சில வாரங்களில் ஆறிவிட்டதுபோலத் தோன்றும். அடிபட்டவர் மீண்டும் அணிவகுப்பில் நிற்பார். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின் மூட்டுத் தேய்வாகவும், இடுப்பு வலியாகவும், மருந்தால் விளைந்த வயிற்றுப் புண்ணாகவும் அந்த அடி திரும்பி வரும். அப்போது, இது சேவையின் விளைவா, முதுமையின் விளைவா என்ற வினா எழுகிறது. விடையைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் வருவாய் மாறும். ஆகையால் அவ்வினாவை நாம் சற்று விரிவாக ஆராய்வோம்.

முழங்காலின் இயல்பு

தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். அவ்விரு எலும்புகளும் ஒன்றோடொன்று உராயாதபடி இடையில் பிறை வடிவான இரண்டு குருத்தெலும்புகள் மெத்தைபோல அமைந்துள்ளன. எலும்புகள் முன்னும் பின்னும் நழுவாதபடி, குறுக்கும் நெடுக்குமாக அமைந்த ஜவ்வுகள் அவற்றைக் கட்டி வைத்திருக்கின்றன. சமதரையில் நடக்கும்போதே உடலின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமையை இம்மூட்டு தாங்குகிறது. முதுகில் மூட்டையோடு மலையேறி இறங்கும் சிப்பாயின் முழங்கால் தாங்கும் சுமையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜவ்வு அறுந்தாலோ, மெத்தை கிழிந்தாலோ, மூட்டின் சீரான இயக்கம் கெடுகிறது. இத்தகைய காயம் பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்வு தோன்றுகிறது என மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கும் இந்த அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை. முப்பது வயதில் அடிபட்டவர் ஐம்பது வயதிலேயே அறுபத்தைந்து வயதுக்குரிய மூட்டோடு வாழ நேர்வது இதனால்தான்.

இது முதல் விளைவு. இதிலிருந்து பிற விளைவுகள் கிளைக்கின்றன. வலிக்கும் காலைக் காப்பாற்றி மற்றொரு காலை ஊன்றி நடப்பவரின் நடை மாறுகிறது. தொடைத் தசை மெலிகிறது. நடை மாறுவதால் இடுப்பிலும் மறு முழங்காலிலும் வலி தோன்றக்கூடும். நடக்க இயலாமையால் உடற்பயிற்சி குறைந்து எடை கூடுகிறது. கூடிய எடை மீண்டும் முழங்காலையே தாக்குகிறது. வலிக்காக டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவதால் வயிற்றிற் புண் உண்டாகலாம், இரத்த அழுத்தம் உயரலாம், சிறுநீரகமும் பழுதுறலாம். இரவில் வலியால் உறக்கம் கெடுவதும், ஓடியாடித் திரிந்த மனிதர் முடங்கிக் கிடப்பதால் மனம் சோர்வதும் உண்டு.

இவற்றுள் எல்லாம் ஒரே அளவு உறுதியானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட முழங்காலிலேயே பின்னர்த் தேய்வு உண்டாவது பற்றி மருத்துவரிடையே ஐயமில்லை. மாத்திரையால் வயிற்றுப் புண் வருவதும் நன்கறிந்த செய்தி. ஆனால் ஒரு காலின் காயத்தால் மறு காலோ முதுகோ கெடுகிறதா என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே அங்கே பொது நியாயம் போதாது. அந்தந்த மனிதரின் நடை, படம், குறிப்பு ஆகிய சான்றுகளே முடிவைத் தீர்மானிக்கும்.

விதிகள் கூறுவது

இராணுவத்துக்கான 1961 ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குவிதிகளில் 173 ஆம் விதி இதற்கு அடிப்படை. ஊனம் சேவையால் விளைந்ததாகவோ, சேவையால் மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். அதன் அளவு 20 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் ஊன ஓய்வூதியம் உண்டு. இங்கே 'மிகுந்தது' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். நோயைச் சேவையே உண்டாக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. முன்பே இருந்த நோயைச் சேவை கடுமையாக்கியிருந்தாலும் போதும்.

எது சேவை என்பதற்கும் விதிகளில் விளக்கம் உண்டு. போர்முனையில் நிற்பது மட்டும் சேவையன்று. அதிகாரிகள் ஏற்பாடு செய்த அல்லது அனுமதித்த விளையாட்டும் பணியாகவே கருதப்படும். ரெஜிமெண்டுக் கால்பந்தாட்டத்திலோ கைப்பந்தாட்டத்திலோ முழங்கால் முறிந்தவர், 'விளையாட்டில் பட்ட அடிதானே' என்று தம் உரிமையைத் தாமே கைவிட வேண்டியதில்லை. விடுமுறை விஷயத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. அனுமதி பெற்ற விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பயணத்தில் நேர்ந்த விபத்தை 1999 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சேவையோடு சேர்த்தது. விடுமுறையில் ஊரில் இருந்தபோது சொந்தக் காரியமாக வண்டியிற் சென்று பட்ட அடியை, 2011 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அந்நீதிமன்றமே சேவையோடு தொடர்பற்றது என்றது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? 1982 ஆம் ஆண்டு உரிமை விதிகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. படையிற் சேரும்போது ஒருவரின் உடற்குறை எதுவும் குறிக்கப்படவில்லையாயின், அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். தம் உரிமையை மெய்ப்பிக்கும்படி அவரை வற்புறுத்தலாகாது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே உரியது. 2013 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தர்மவீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை எடுத்துக்காட்டி உறுதிப்படுத்தியது. நோய் சேவையால் விளைந்ததன்று எனக் கூறும் மருத்துவக் குழு அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றும், காரணமற்ற முடிவு நில்லாது என்றும் அத்தீர்ப்பிலிருந்து நாம் அறிகிறோம்.

2008 ஆம் ஆண்டு உரிமை விதிகளில் ஒரு மாற்றம் உண்டு. ஒருவர் வெளிவந்து 15 ஆண்டுகள் கடந்து, அவருடைய சேவை ஆவணங்கள் கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்டபின் கோரிக்கை எழுப்பினால், மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்மேல் விழுகிறது. முழங்கால் தேய்வு தலைகாட்டும் காலமும், காகிதங்கள் அழியும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இவ்விஷயத்தில் பலரும் இடறுவது இங்கேதான். வலி வரும்வரை காத்திராமல் ஆவணங்களை முன்னரே பெற்று வைத்துக்கொள்வதே இதற்கு மாற்று.

தொடர் நோய்க்கு உள்ள வாயில்கள்

காயத்தின் வழியே பின்னர்த் தோன்றிய நோய்க்கு மூன்று நிலைகளில் வழி உண்டு.

முதலாவது, படையிலிருந்து விடுபடும் நேரம். அப்போது கூடும் மருத்துவக் குழுவைப் படையினர் மெடிக்கல் போர்டு என்றே வழங்குவர். அக்குழுவின் முன் ஒவ்வோர் உபாதையையும் தனித்தனியே சொல்லிக் குறிக்கச் செய்ய வேண்டும். முழங்காலை மட்டும் காட்டிவிட்டு, முதுகு வலியையும் வயிற்று எரிச்சலையும் சொல்லாது விடுபவர் பலர். விரைவில் வீடு திரும்பும் ஆவலில், 'எல்லாம் நலம்' என்று கையெழுத்திடுபவரும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட ஊனங்கள் இருப்பின் குழு அவற்றுக்குக் கூட்டு மதிப்பீடு ஒன்றும் தரும். அது தனித்தனி விழுக்காடுகளை அப்படியே கூட்டிய தொகையாக இராது; பெரும்பாலும் அதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது, ஏற்கப்பட்ட ஊனம் பின்னர் முற்றிய நிலை. மருத்துவக் குழு குறித்த விழுக்காடு வாழ்நாள் முழுமைக்கும் இறுதியானது என்று 2001 ஆம் ஆண்டு ஆணையொன்று கூறுகிறது. ஆனால் சம்பந்தப்பட்டவர் தாமே மறு ஆய்வு கோரினால் மீண்டும் மருத்துவக் குழு கூடி ஆராயலாம். முழங்கால் 30 விழுக்காடு எனக் குறிக்கப்பட்டவருக்கு மூட்டு மாற்றுச் சிகிச்சையே தேவைப்படும் நிலை வந்தால், மறு ஆய்வு கோர அவருக்கு நியாயம் உண்டு.

மூன்றாவது, சேவைக் காலத்தில் இல்லாமல் பின்னர்ப் புதிதாகத் தோன்றிய நோய். வெளிவந்தபின் குறித்த ஆண்டுகளுக்குள் ஒரு நோய் தோன்றி, அது சேவைக் காலச் சூழ்நிலை தொடக்கிவைத்த நோய்ப்போக்கின் தாமதமான வெளிப்பாடே என மருத்துவ முறையில் நிறுவப்பட்டால், அதையும் சேவையால் விளைந்ததாக ஏற்கலாம் என உரிமை விதிகள் கூறுகின்றன. அடிபட்ட மூட்டில் மெல்ல மெல்ல வளர்ந்த தேய்வு இவ்விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டு வழக்கத்தை ஒப்பிடுவது பயன் தரும். அங்கே முன்னாள் படைவீரர் துறையின் ஒழுங்குவிதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. சேவையோடு தொடர்புடையதாக ஏற்கப்பட்ட ஊனத்தால் விளைந்த மற்றொரு நோயும் சேவையோடு தொடர்புடையதே என்பது அதன் சாரம். முதற் காயம் மற்றொரு நோயை உண்டாக்காமல் மிகச் செய்திருந்தாலும், அந்த மிகுதிக்கு ஈடு உண்டு என 1995 ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006 ஆம் ஆண்டில் அது விதியிலும் சேர்க்கப்பட்டது. அங்கே கோரிக்கையாளர் காட்ட வேண்டியவை மூன்று: ஏற்கப்பட்ட முதற் காயம், இப்போதுள்ள இரண்டாம் நோய், இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. அக்கருத்தும் முழு உறுதியோடு இருக்க வேண்டியதில்லை. தொடர்பு இருப்பதற்கும் இல்லாமைக்கும் வாய்ப்புச் சரிபாதியாக இருந்தாலே போதும்.

அந்நாட்டு விதி நம் நாட்டில் செல்லாது. எனினும் அந்த மூன்று கண்ணிகளும் எந்த நாட்டிலும் பொருந்தும் தர்க்கமாகும். நம்மவர் கோரிக்கைகள் பலவற்றில் முதற் கண்ணியும் மூன்றாம் கண்ணியும் அறுந்தே கிடக்கின்றன. இன்று வலிக்கிறது என்பதற்கு எக்ஸ்ரே படம் இருக்கிறது. அன்று அடிபட்டதற்குக் காகிதம் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை.

விழுக்காடும் தொகையும்

இவ்வளவு முயற்சியும் எவ்வளவு பணத்துக்காக என்று நேயர்கள் கேட்கலாம். 2023 செப்டம்பர் 21 ஆம் நாளுக்கு முன் ஓய்வு பெற்றவர்க்குரிய கணக்கைக் காண்போம். அதன் பின் ஓய்வு பெறுவோருக்குப் புதிய உரிமை விதிகள் பொருந்தும். அவர்கள் தம் கணக்கை அவ்விதிகளின்படியே பார்த்தல் வேண்டும்.

நூறு விழுக்காடு ஊனத்துக்கு, கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனப் பகுதியாகக் கிடைக்கும். ஊனம் குறையக் குறைய இதுவும் அதே விகிதத்திற் குறையும். ஆனால் விழுக்காட்டை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை ஒன்று உண்டு. 50 விழுக்காட்டுக்குக் குறைந்தது 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கொள்ளப்படும். முதலில் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டோருக்கு மட்டும் வழங்கிய இச்சலுகை, 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றோருக்கும் உரியதாயிற்று.

கடைசி ஊதியம் 40,000 ரூபாய் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்கு 30 விழுக்காடு குறிக்கப்பட்டால் அது 50 ஆகக் கொள்ளப்பட்டு மாதம் 6,000 ரூபாய் கிடைக்கும். பின்னர் மூட்டு முற்றிலும் தேய்ந்து, தொடர் நோயும் ஏற்கப்பட்டு, கூட்டு மதிப்பீடு 60 விழுக்காடானால் அது 75 ஆகி, மாதம் 9,000 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு 36,000 ரூபாய் கூடுதல்; அகவிலை நிவாரணம் இதற்கு மேலும் உண்டு. வேறொருவருக்கு முழங்கால் 15 விழுக்காடு மட்டுமே எனக் குறிக்கப்பட்டிருந்தால் அவர் 20 என்ற வாயிற்படிக்குக் கீழே நின்றுவிடுகிறார். தொடர் நோய் ஏற்கப்பட்டு அந்தப் படியைத் தாண்டினால், ஒன்றுமில்லாத நிலையிலிருந்து நேரே 50 விழுக்காட்டுக்குரிய தொகைக்கு உயர்கிறார். படியின் இப்புறத்துக்கும் அப்புறத்துக்கும் அத்தனை வேறுபாடு.

சேர்க்க வேண்டிய சான்றுகள்

முதலில் தேடத்தக்கது, அடிபட்டபோது எழுதப்பட்ட காய அறிக்கை. ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்னும் எண்ணுள்ள படிவம் அது. அதன்பின் இராணுவ மருத்துவமனையில் தங்கிய குறிப்புகள், மருத்துவ நிலை தாழ்த்தப்பட்ட ஆணைகள், விடுபடும்போது கூடிய மருத்துவக் குழுவின் நடவடிக்கை ஆகியவை வேண்டும். இவை தம்மிடம் இல்லாதவர், 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தம் ரெஜிமெண்டு ரிக்கார்டு ஆபீசுக்கு விண்ணப்பித்துப் படி பெறலாம். மதராஸ் ரெஜிமெண்டினர் நீலகிரியிலுள்ள வெல்லிங்டனுக்கும், மதராஸ் சாப்பர் படையினர் பெங்களூருக்கும் எழுத வேண்டும். டில்லியில் வசிப்பவரும் தபால் மூலமே இதைச் செய்யலாம். நேரிற் செல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, வெளிவந்தபின் பெற்ற சிகிச்சையின் வரலாறு. 2003 ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் பெற்ற ஒவ்வொரு சீட்டையும் தேதி வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும். மாத்திரைச் சீட்டை மருந்து வாங்கியதும் எறிந்துவிடுவது நம்மவர் வழக்கம். எத்தனை ஆண்டுகள் எந்த மாத்திரை உண்டார் என்பதற்கு அச்சீட்டுகளே சாட்சி. மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் 'கால் வலி' என்று மட்டும் சொல்லி வருவதும் போதாது. எந்த ஆண்டு, எந்தப் பணியில், எப்படி அடிபட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவர் குறிப்பில் ஏறச் செய்ய வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது எலும்பு மருத்துவரின் கருத்து. 'இவருக்கு மூட்டுத் தேய்வு உள்ளது' என்னும் சான்றிதழ் நோயை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. பழைய ஆவணங்களை மருத்துவர் படித்துப் பார்த்து, இன்ன ஆண்டுக் காயத்தின் விளைவாகவே இத்தேய்வு தோன்றியிருக்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதினால்தான் பயன் உண்டு. வயது, எடை போன்ற பிற காரணங்களையும் அவர் ஒப்பிட்டு எழுதினால் அக்கருத்துக்கு வலு மிகும்.

வெளி மாநிலத்தார்க்குச் சில குறிப்புகள்

தாம் வாழும் மாவட்டத்திலுள்ள ஜில்லா சைனிக் போர்டையே நாடலாம். படிவங்களை நிரப்புவதற்கும் அனுப்புவதற்கும் அங்கே உதவி பெறலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுப்பு ஆணையைக் கண்டு மனந்தளர்ந்து அதை மடித்து வைத்துவிடுதல் கூடாது. அந்த ஆணையில் முதல் மேல்முறையீட்டுக்கும் அதற்குரிய காலத்துக்கும் குறிப்பு இருக்கும். அங்கும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு.

அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து 2009 ஆம் ஆண்டு முதல் இயங்கும் இத்தீர்ப்பாயத்துக்கு டில்லியில் முதன்மை அமர்வும், சென்னை, கொச்சி, மும்பை, கொல்கத்தா, சண்டிகர், லக்னோ முதலிய நகரங்களில் மண்டல அமர்வுகளும் உள்ளன. ஓய்வு பெற்றவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதற்காகச் சென்னைக்கு வர வேண்டியதில்லை. இறுதி ஆணை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்தல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படுவதும் உண்டு. ஆயினும் தாமதத்துக்கு விலை உண்டு. ஓய்வூதியக் குறை மாதந்தோறும் தொடரும் குறை ஆதலால் நெடுநாள் கழித்தும் வழக்காடலாம் என்ற உச்ச நீதிமன்றம், பழைய பாக்கியை வழக்குத் தொடுத்ததற்கு முந்திய மூன்று ஆண்டுகளோடு நிறுத்தலாம் எனவும் 2008 ஆம் ஆண்டில் கூறியது. பத்து ஆண்டு காத்திருந்தவர் ஏழு ஆண்டுத் தொகையை இழக்க நேரும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சுவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 1987 ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி ஊனமுற்றோரும் பெண்டிரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். கணவரை இழந்த பெண்மணிகளும் தம் கணவருக்குச் சேர வேண்டிய பாக்கி உண்டா என்று இவ்வுதவியோடு ஆராய்ந்து பார்க்கலாம். ஊன ஓய்வூதியத்தை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்கும் தரகரிடம் ஆவணங்களின் மூலப்படிகளை ஒருபோதும் ஒப்படைக்கலாகாது.

ஊன ஓய்வூதியம் கேட்பதை இரந்து நிற்பதாக எண்ணிக் கூச்சப்படும் மானமுள்ள வீரர்கள் நம்மவரில் உண்டு. அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. நல்ல உடலோடு ஒருவரைச் சேர்த்துக்கொண்ட நாடு, பழுதுற்ற உடலோடு அவரைத் திருப்பி அனுப்பும்போது, அந்தப் பழுதுக்குரிய ஈட்டைத் தர வேண்டும் என்பதே இவ்விதிகளின் கருத்து. இப்பக்கங்களைப் படிக்கும் முன்னாள் படைவீரர் ஒவ்வொருவரும் இவ்வாரத்திலேயே பழைய தகரப் பெட்டியைத் திறந்து, மருத்துவக் குழுவின் தாள் அதில் இருக்கிறதா என்று பார்ப்பாராக. இல்லையெனில், ரிக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டிய முதற் கடிதத்தை அன்றே எழுதுவாராக.